வீட்டுத் தோட்டம்: பனி வருமுன் மிளகாய்ச் செடியை உள்ளே அழைத்துக் கொள்ளுங்கள்

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலும் வெண்டையில் பூச்சி, ரோஜா மொட்டு உதிர்கிறது, மொட்டை மாடித் தொட்டியில் எறும்பு என்றுதான் இருக்கும். இந்த முறை கனடாவிலிருந்து ஒரு கடிதம். டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அதன் முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன்.

"அக்கா, எனக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. பிரசவத்துக்கு உதவியாக அம்மா பரமக்குடியிலிருந்து வந்து ஆறு மாதம் இருந்து விட்டுப் போனார்கள். வந்தபோது சமையலுக்கென்று கொண்டு வந்த முண்டு மிளகாய் வற்றலில் நாலைந்தை உடைத்து, விதையை எடுத்து, மார்ச் மாதம் தயிர் டப்பாவில் போட்டு வைத்தார்கள். இப்போது மூன்று தொட்டியில் இடுப்பளவு செடி. காயும் பழமுமாகத் தொங்குகிறது. ராத்திரியில் குளிர ஆரம்பித்து விட்டது. பக்கத்து வீட்டு அம்மாள், 'இது ஒரு வருஷச் செடிதானே, பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் புதுசு வாங்கு' என்கிறார். என் வீட்டுக்காரரும், 'கடையில் கிடைக்காத மிளகாயா?' என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. இனி இவ்வளவு தூரம் வருவார்களா என்று தெரியாது. செடியை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற முடியுமா? வைத்தால் குழந்தைக்கு ஏதும் ஆகுமா? எங்களுக்குத் தெற்குப் பக்கம் ஒரு ஜன்னலும், கீழே ஒரு பேஸ்மெண்டும் உண்டு."

முடியும், தாராளமாக முடியும். ஆனால் இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேருகிற வாரத்திலேயே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். தள்ளிப் போட்டால் ஒரே ராத்திரியில் காரியம் கெட்டுவிடும்.

முதலில் அந்த "ஒரு வருஷச் செடி" என்ற பேச்சைத் தீர்த்து விடுவோம். 1753-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி, நம் மிளகாய்க்கு 'காப்சிகம் அன்னுவம்' என்று பெயர் சூட்டினார். அன்னுவம் என்றால் ஒரு வருஷத்தது என்று பொருள். ஐரோப்பாவின் குளிரில் அது ஒரே வருஷம்தான் தாங்கும். அதனால் அந்தப் பெயர். பிறந்த இடமான மெக்ஸிகோ பக்கத்து வெப்ப பூமியில் மிளகாய் பல வருஷம் வாழ்கிற குறுஞ்செடி. நம் ஊர்க் கொல்லைகளில் காந்தாரி மிளகாய் மூன்று நான்கு வருஷம் நின்று காய்ப்பதைப் பார்த்திருப்பீர்களே! ஆக, செடிக்கு ஆயுசு இருக்கிறது. அதை முடித்து வைப்பது உறைபனிதான். (பெயர் விஷயத்தில் மிளகாய்க்கு எப்போதுமே குழப்பம்தான். 1492-ல் மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், வேறு கண்டத்தில் இறங்கி, அங்கே கண்ட காரமான காயையும் மிளகின் இனம் என்று எடுத்துக் கொண்டார். இங்கிலீஷில் இரண்டுக்கும் இன்றும் ஒரே பெயர். போர்த்துக்கீசியர் கொண்டு வந்து இறக்கியபோது நம்மவர்களும் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றார்கள்.)

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்களே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

மிளகாய்ச் செடியின் இலை விஷமல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டில் 'தினோலா' என்ற கோழி சூப்பில் முருங்கை இலை போடுவார்கள், அது இல்லாவிட்டால் மிளகாய் இலையைப் போடுவார்கள். கொரியாவிலும் மிளகாய் இலையை வதக்கித் துணைக் கறியாகச் சாப்பிடுவதுண்டு. எனவே ஒரு இலையைக் கிள்ளி வாயில் வைத்துவிட்டது என்பதற்காக அலற வேண்டாம். ஆபத்து காயில்தான். காரம் முழுக்க, காய்க்குள்ளே விதையைத் தாங்கி நிற்கிற வெள்ளைத் தசையில் இருக்கிறது. தவழுகிற குழந்தைக்கு சிவப்பாய், உருண்டையாய் ஒன்று தெரிந்தால் போதும். முண்டு மிளகாய் பார்ப்பதற்கே இலந்தைப் பழம் மாதிரி வேறு! ஆகவே உள்ளே வருகிற செடியில் ஒரு காய்கூட இருக்கக் கூடாது. தொட்டி எட்டாத உயரத்தில், இழுத்தால் சாயாதபடி இருக்க வேண்டும். மண்ணை அள்ளித் தின்னும் வயசு அது. தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "நான் பார்த்துக் கொள்வேன்" என்று நினைக்காதீர்கள். அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில்தான் அது அங்கே போகும்.

செடியைத் தொட்டு வேலை செய்யும்போது கையுறை போட்டுக் கொள்ளுங்கள். காரத்தைக் கொடுக்கிற பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எனவே கையில் முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, அதன் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்கப்புறம்தான் குழந்தையைத் தூக்குவதும், பால் கொடுப்பதும். தவறிக் காயைக் கடித்துவிட்டால் வாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் தாய்ப்பால் கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஒரு ஸ்பூன் தயிரும் கொடுக்கலாம். வெறும் தண்ணீர் கொடுத்தால் எரிச்சல் அடங்காது. கண்ணில் பட்டுவிட்டால் கதையே வேறு. வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரைப் பதினைந்து நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் வேண்டாம். எரிச்சல் தணியவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எப்போது உள்ளே கொண்டு வருவது?

காலண்டரைப் பார்க்காதீர்கள், ராத்திரி வெப்பநிலையைப் பாருங்கள். இரவில் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும் மிளகாய்ச் செடி வளர்ச்சியை நிறுத்திக் கொள்ளும். 10 டிகிரியில் தொடர்ந்து நின்றால் இலை வாடும். பூஜ்யத்தைத் தொட்டால் மறுநாள் காலை இலையெல்லாம் வேகவைத்த கீரையாய்த் தொங்கும். டொராண்டோவில் செப்டம்பர் கடைசியிலேயே அப்படிப்பட்ட இரவுகள் வந்துவிடும். அக்டோபரில் உறைபனி. இன்னும் ஒரு வாரம் பழுக்கட்டுமே என்ற ஆசையில்தான் பலர் செடியைப் பறிகொடுக்கிறார்கள். நம் ஊட்டியிலும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. அங்கே இருப்பவர்களுக்கும் இந்த யோசனைகள் பொருந்தும்.

மூன்று செடியையும் காப்பாற்ற முயலுங்கள். உங்களுக்கு மூன்றே மூன்றுதான் இருக்கின்றன. பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். நன்றாகக் காய்த்த, தண்டு பருத்த, நோயில்லாத இரண்டை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதற்கு விடை கொடுத்துவிடுங்கள். சீக்குச் செடியைக் கருணையோடு உள்ளே கொண்டு வந்தால், அது மற்றதையும் சேர்த்துக் கொண்டு போகும்.

காயை என்ன செய்வது?

சின்னது பெரியது பார்க்காமல் அத்தனை காயையும் பறித்துவிடுங்கள். பழுத்து நன்றாகச் சிவந்த இரண்டு மூன்று காயை மட்டும் விதைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். எவ்வளவு பாடுபட்டாலும் குளிர்காலத்தில் ஒன்றிரண்டு செடி போவதுண்டு. கையில் விதை இருந்தால் மனசு நிம்மதியாக இருக்கும். விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டு, தேதி எழுதி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். இரண்டு மூன்று வருஷம் முளைப்புத் திறன் இருக்கும். ஒரு விஷயம். பக்கத்தில் குடைமிளகாயோ வேறு மிளகாயோ வைத்திருந்தீர்களா? தேனீ அங்கும் இங்கும் போய் மகரந்தத்தைக் கலந்திருக்கலாம். அப்படியானால் அந்த விதையிலிருந்து வருகிற செடி அச்சாக இதே முண்டாக இருக்காது. அம்மா வைத்த அதே செடி வேண்டுமென்றால் செடியைத்தான் காப்பாற்ற வேண்டும். "கடையில் கிடைக்காததா" என்று கேட்கிற உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மீதிப் பச்சைக் காய்களைக் காம்பு கிள்ளி, கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் குளிர்காலம் முழுக்கத் தாளிப்புக்கு ஆகும். கரையவிடாமல் எடுத்த எடுப்பிலேயே நறுக்கிப் போடலாம். மோர் மிளகாய் போட ஆசையா? அக்டோபர் வெயிலை நம்ப முடியாது. காயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் மூன்று நாள் ஊறவைத்து, அவனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவைச் சற்றே திறந்துவிட்டு உலர்த்துங்கள். பல மணி நேரம் பிடிக்கும். நெடி கிளம்பும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். பச்சை மிளகாயில் வைட்டமின் சி நிறைய உண்டு. ஹங்கேரியில் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி என்பவர் ஸெகெட் நகரத்து மிளகாயிலிருந்துதான் அந்த வைட்டமினை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் நாம் ஒரு வேளைக்குச் சாப்பிடுவது இரண்டு காய், அதுவும் வதங்கி விடுகிறது. அதனால் ஆரஞ்சுப் பழத்தை நிறுத்திவிடாதீர்கள்!

கவாத்தும் குளியலும்

இப்போதுதான் மனசைக் கல்லாக்கிக் கொள்ள வேண்டிய கட்டம். இடுப்பளவு செடியை ஒரு ஜாண் உயரத்துக்கு வெட்ட வேண்டும். கேட்டாலே திக்கென்று இருக்கும். ஆனால் குளிர்கால வெளிச்சத்தில் அத்தனை இலையைச் செடியால் போஷிக்க முடியாது. விட்டால் தானே ஒவ்வொன்றாக உதிர்த்து வீட்டைக் குப்பையாக்கும். அதோடு இலைக்கு அடியில்தான் பூச்சி ஒளிந்து உள்ளே வரும்.

மிளகாய்ச் செடி கீழேயிருந்து ஒரே தண்டாக வந்து, ஓர் இடத்தில் கவட்டை போல் இரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டைக்கு மேலே, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணு இருக்கும்படி விட்டு, கணுவுக்கு அரை அங்குலம் மேலே கூரான கத்தரியால் வெட்டுங்கள். வசந்தத்தில் புதுத் துளிர் அந்தக் கணுவிலிருந்துதான் வரும். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஸ்பிரிட்டில் துடைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது வேர். தொட்டியைச் சாய்த்துத் தட்டிச் செடியை வெளியே எடுத்து, பழைய மண்ணை உதிர்த்துவிட்டு, வேர்க்கட்டில் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். மிச்ச வேரை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். பழைய மண்ணிலேயே பூச்சி முட்டைகள் இருக்கும். வெளியே இருக்கிற வரையில் பொறிவண்டும் மற்ற பூச்சிகளும் அவற்றைத் தின்று கணக்கைச் சரி செய்து விடும். வீட்டுக்குள்ளே அந்தக் காவல்காரர்கள் கிடையாது. ஒரு செடிப்பேன் ஒரு மாதத்தில் ஊரையே கூட்டிவிடும்.

பிறகு சோப்புக் குளியல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் மென்மையான திரவ சோப்பு போதும். துணி துவைக்கிற பவுடர் கூடாது. வெட்டிய செடியைத் தலைகீழாகப் பிடித்து அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்து, சில நிமிஷம் கழித்து நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வேப்பெண்ணெய் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நம் ஊர்த் திறந்த முற்றத்தில் சரி. ஜன்னல் அடைத்த வீட்டில், கைக்குழந்தை தூங்குகிற இடத்தில், அந்த நாற்றம் வேண்டாம். பூச்சி மருந்து பாட்டில்களோ வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

குளித்த செடியை ஆறங்குலத் தொட்டியில், கடையில் விற்கிற புதுத் தொட்டிக் கலவையில் நடுங்கள். தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டால் குளித்ததெல்லாம் வீண். அடியில் ஓட்டை அவசியம். ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட்டு வடிய விடுங்கள். இரண்டு வாரம் மற்ற வீட்டுச் செடிகளிடமிருந்து தள்ளி வைத்துக் கவனியுங்கள்.

தூங்க வைக்கலாமா, விழித்திருக்க விடலாமா?

இரண்டு வழி உண்டு. ஒன்று, செடியைத் தூங்க வைப்பது. 10-லிருந்து 15 டிகிரி வரை குளிர்ச்சியான, ஆனால் உறையாத இடம் வேண்டும். ஹீட்டருக்குத் தள்ளியுள்ள பேஸ்மெண்ட் மூலை சரியாக இருக்கும். சின்ன ஜன்னல் வெளிச்சம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. மிச்சமிருக்கிற இலையும் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். தண்ணீர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு சின்ன டம்ளர், அவ்வளவுதான். உரம் கூடவே கூடாது. கைக்குழந்தைக்காரிக்கு இதைவிடச் சௌகரியமான வழி இல்லை. ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிறவளுக்கு, கூப்பிடாமல் தூங்குகிற ஒரு ஜீவன் வீட்டில் இருப்பது நல்லதுதானே!

இன்னொரு வழி, ஜன்னலோரம் விழித்திருக்க விடுவது. இதில் பச்சையாக இலை இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஜனவரியில் நாலு காயும் கிடைக்கும். ஆனால் உழைப்பு அதிகம். டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. சென்னையில் அதே நாளில் பதினொன்றேகால் மணிக்கு மேல் வெளிச்சம் இருக்கும். நேரம் மட்டுமல்ல, அங்கே சூரியன் தாழ்ந்து நிற்பதால் வெளிச்சத்தின் வலுவும் குறைவு. தெற்கு ஜன்னல்கூடத் தனியாகப் போதாது. ஒரு வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கைச் செடியின் தலைக்கு அரை அடி மேலே கட்டி, தினம் பதினான்கு மணி நேரம் எரியவிட்டு, ராத்திரி அணைத்துவிடுங்கள். செடிக்கும் தூக்கம் வேண்டும். அறை 18-லிருந்து 24 டிகிரி வரை இருக்கலாம். நாம் வசிக்கிற சூடுதான் அது. கண்ணாடியை ஒட்டி வைக்காதீர்கள். ராத்திரியில் கண்ணாடி ஜில்லென்று ஆகி இலையைச் சுட்டுவிடும். ஹீட்டர் காற்று நேரே படுகிற இடமும் ஆகாது.

உங்களுக்கு என் யோசனை, இரண்டைப் பேஸ்மெண்டில் தூங்க வையுங்கள், ஒன்றைச் சமையலறை ஜன்னலில் விழித்திருக்க விடுங்கள். ஒரு வழி தவறினாலும் இன்னொன்று நிற்கும். மூன்றையும் ஒரே இடத்தில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

குளிர்காலத்தில் செடியைக் கொல்வது குளிரைவிட, நம் கைத் தண்ணீர்தான். வாடினாற்போல் தெரிந்தால் உடனே சொம்பைத் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம். இலையில்லாத செடி தண்ணீரைக் குடிக்காது, வேர் அழுகிப் போகும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை வைத்துச் சொல்லவும் இரண்டே வாரத்தில் பழகிவிடும். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் சின்னக் கறுப்புக் கொசு மாதிரி ஒன்று மண்ணிலிருந்து கிளம்பி மூக்கைச் சுற்றும். அது வந்தாலே, தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

விழித்திருக்கிற செடிக்கு வாரம் ஒரு பரிசோதனை வேண்டும். வெள்ளைக் காகிதத்தை இலைக்குக் கீழே பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் செஞ்சிலந்தியோ இலைப்பேனோ இருக்கிறது. துளிரில் பச்சையாக ஒட்டிக் கொண்டு, பிசுபிசுப்பு இருந்தால் அசுவினி. தொட்டதும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. எதுவானாலும் முதல் வைத்தியம் ஒன்றேதான். தொட்டியை ஒரு பையால் மூடிக் கட்டி, செடியைக் குளியலறைக்குக் கொண்டு போய், இலையின் அடிப்பக்கம் படும்படி வெதுவெதுப்பான ஷவரைக் காட்டுங்கள். நான்கு நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை. போதவில்லை என்றால் மேலே சொன்ன சோப்புத் தண்ணீரைத் தெளித்து அலசுங்கள். ஹீட்டர் ஓடுகிற வீட்டின் வறண்ட காற்று செஞ்சிலந்திக்குக் கொண்டாட்டம். எனவே வாரம் ஒரு ஷவர் பூச்சி இல்லாவிட்டாலும் நல்லதே. பூ வந்தால் வீட்டில் தேனீ ஏது? மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால், காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதும், காய் பிடித்துவிடும்.

ஜனவரி வாக்கில் பேஸ்மெண்டுச் செடியைப் பார்த்து உங்களுக்கு அழுகை வரும். காய்ந்த விறகு மாதிரி இருக்கும். அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். தண்டின் மேல்தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி மட்டும் கறுத்திருந்தால் பச்சை தெரிகிற இடம் வரை வெட்டிவிடுங்கள். அடித்தண்டு வரைக்கும் பழுப்பும் வறட்சியுமாக இருந்தால், போனது போனதுதான். அப்போது விதை உறையை எடுத்துக் கொள்ளுங்கள்.

எழுப்புகிற காலம்

பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரத்தில் தூங்குகிற செடியை மேலே கொண்டு வாருங்கள். விளக்கடியில், சூடான இடத்தில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை நிறைய விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களில் கடுகளவு பச்சைப் புள்ளி தெரியும். அதுவரை உரம் வேண்டாம். நாலைந்து இலை விரிந்த பிறகு, டப்பாவில் போட்டிருக்கிற அளவில் பாதி அளவு உரத்தைக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விடலாம். வேர் அடியில் எட்டிப் பார்த்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஏப்ரலில் பூக்கிற முதல் பூக்களைக் கிள்ளிப் போடுங்கள். கிளை பிடித்த பிறகு காய்க்கட்டும்.

இவ்வளவு பாடுபட்டால் லாபம் என்ன என்று கேட்கலாம். விதையிலிருந்து வருகிற செடி மார்ச்சில் முளைத்து, வேர் பிடித்து, தண்டு பருத்து, காய்க்கும்போது கோடை பாதி போய்விடும். முண்டு மாதிரி செடியிலேயே பழுத்துச் சிவக்க வேண்டிய ஜாதிக்கு, டொராண்டோவின் குறுகிய கோடை எப்போதுமே இழுபறிதான். இரண்டாம் வருஷச் செடிக்கு வேரும் தண்டும் ஏற்கெனவே தயார். பல வாரம் முன்னதாகவே பூத்துவிடும். பழுக்க நேரம் கிடைக்கும். அடுத்த வருஷம் வற்றல் போடுகிற அளவுக்கே காய் கிடைக்கலாம்.

வெளியே கொண்டு போவதிலும் நிதானம் வேண்டும். கனடாவில் பலர் மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமையில் வருகிற விக்டோரியா தினத்தைக் கணக்கு வைத்து நடுகிறார்கள். அந்தக் கணக்கு மிளகாய்க்கும் சரிதான், இரவு 12 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால். ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு நேர் வெயில் தெரியாது. திடீரென்று வைத்தால் ஒரே மத்தியானத்தில் இலை வெள்ளை வெள்ளையாகச் சுட்டுவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, பிறகு காலை இளவெயில் என்று பத்து நாள் பழக்குங்கள். நாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குவதில்லையா, அந்த மாதிரி. அந்தப் பத்து நாளும் ராத்திரியில் உள்ளே வந்துவிட வேண்டும். காற்று பலமாக அடிக்கிற நாளில் போகவே வேண்டாம். மே கடைசிக்குள் உங்கள் குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கும். வெளியே வைக்கிற இடத்தையும் அதற்குத் தகுந்தாற்போல் பார்த்துக் கொள்ளுங்கள்.

வேறு சில கடிதங்களுக்கும் இங்கேயே பதில். "ஊரிலிருந்து செடியாகவே கொண்டு வரலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கூடாது. மண் ஒட்டிய செடியைக் கனடா விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். மண்ணோடு நோயும் பூச்சியும் வரும் என்பதால்தான் அந்தக் கெடுபிடி, அதில் நியாயம் உண்டு. விதைக்கும் விதிமுறை இருக்கிறது. அந்த நாட்டுச் சுங்க இலாகாவில் முன்கூட்டியே கேட்டுக் கொண்டு கிளம்புங்கள்.

லண்டன் சகோதரிக்கு: உங்கள் கறிவேப்பிலைச் செடி நவம்பரில் இலையை உதிர்ப்பது நோயல்ல, அதுவும் தூங்கப் போகிறது. தண்ணீரைக் குறையுங்கள், உரத்தை நிறுத்துங்கள், ஆனால் மிளகாயைப் போல் ஒட்ட வெட்டிவிடாதீர்கள். அதைப் பற்றி விவரமாக அடுத்த இதழில்.